ஒரு திருத்தம்: மின் உருகி இழை பற்றி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாக என்னிடம் இயற்பியல் படித்தவர்கள்.

அப்பா வாங்கிய 1968 அம்பாசிடர் மார்க் 2 இன்னும் என்னிடம் ஓடுகிறது என்று உங்களில் பலருக்குத் தெரியும். அந்தக் கால வண்டியில் மொத்தம் இரண்டே ஃபியூஸ். ஹெட்லைட்டுக்கு அதுவும் கிடையாது. மகன் மொபைல் சார்ஜர் கேட்டான், வீட்டம்மா சின்ன ஃபேன் கேட்டாள், எனக்குப் பாட்டுப்பெட்டி வேண்டும். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? நானே வயர் இழுத்தேன். ஸ்டார்ட்டர் சொலினாய்டில் பேட்டரி லைன் வரும் முனையிலிருந்து எடுத்து, என்ஜினுக்கும் கால் வைக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் ஒரு ஓட்டை போட்டு உள்ளே கொண்டு வந்தேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் 5 ஆம்பியர் ஃபியூஸும் மாட்டினேன். மாட்டாமல் விடுவேனா, பிசிக்ஸ் வாத்தியார் ஆயிற்றே!

போன மார்கழியில் திருச்சியில் ஒரு அறுபதாம் கல்யாணம் முடித்துப் புதுக்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கீரனூர் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை. அடுத்த நொடி டாஷ்போர்டுக்குக் கீழிருந்து வெள்ளைப் புகை. பின் சீட்டில் வீட்டம்மாவும் தூங்கிக்கொண்டிருந்த பேரனும். ஓரங்கட்டி இரண்டு பேரையும் இறக்கினேன். சாவியை அணைத்தும் புகை நிற்கவில்லை. எப்படி நிற்கும்? நான் எடுத்த லைன் சாவி வழியாக வரவே இல்லை. பேட்டரி டெர்மினலைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் டிக்கியில், டிக்கி நிறைய கல்யாண வீட்டுப் பை. அந்த ஒரு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. கழற்றிவிட்டேன். தீ பிடிக்கவில்லை. பேரன் மறுபடி தூங்கிவிட்டான். வீட்டம்மா மட்டும் ஊர் வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் வண்டியைப் பார்க்க வந்தவன் என் பழைய மாணவன், இன்று ஆட்டோ எலக்ட்ரீஷியன். (பெயர் போடவில்லை. விருப்பமிருந்தால் அவனே கீழே வந்து சொல்லட்டும்.) கருகிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: “சார், ஃபியூஸ் எதைக் காப்பாத்துது?”

“மாட்டியிருக்கிற கருவியை” என்றேன்.

“இல்ல சார். வயரை.”

விஷயம் இதுதான். தகட்டு ஓட்டையின் விளிம்பு கத்தி மாதிரி. ரப்பர் குரோமெட் போடாததால், ஓடும் அதிர்வில் வயரின் தோல் உரசிப் போய், செம்பு பாடியைத் தொட்டிருக்கிறது. பேட்டரியிலிருந்து அந்த இடம்வரை நடுவில் ஃபியூஸே இல்லை. என் ஃபியூஸ் அதற்கு அப்பால், முழுசாக, நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. பேட்டரி ஷார்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளும். மெல்லிய வயர் ஹீட்டர் கம்பியாகிவிட்டது.

முப்பத்து மூன்று வருடம் “கருவி பழுதாகாமல் காப்பது மின் உருகி இழை” என்று நோட்ஸ் கொடுத்தவன் நான். எங்கே மாட்ட வேண்டும் என்று ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை. மின்னோட்டம் புறப்படும் இடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பக்கம், அந்த வயர் தாங்கும் அளவுக்குள். திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் செய்தது: பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து தடித்த வயரில் ஒரு ரிலே, பிறகு சின்ன ஃபியூஸ் பெட்டி, அதிலிருந்து சார்ஜர், ஃபேன், பாட்டு ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ். ரிலேயைத் தூண்டப் பழைய பச்சை வயர். லூகாஸ் கணக்கில் பச்சை என்றால் சாவியும் ஃபியூஸும் தாண்டி வருவது. 85, 86 முனைகளுக்கு நடுவிலிருப்பது, ஆணியில் கம்பி சுற்றிக் குண்டூசி தூக்கினோமே, அதே மின்காந்தம்தான். அது அரை ஆம்பியர்கூடக் கேட்காது. பழைய வயரிங்குக்கு எந்தப் பாரமும் இல்லை. அப்பா காலத்து வயர் ஒன்றைக்கூட அவன் வெட்டவில்லை. கடைசியாகப் பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். இனி ஸ்பேனர் தேட வேண்டாம்.

பேரன் மட்டும் பனிவிளக்கு கேட்டு அடம். கணக்குப் போட்டுக் காட்டினேன். என் டைனமோ நல்ல வேகத்தில் தருவது 22 ஆம்பியர், ஐட்லிங்கில் அநேகமாக ஒன்றுமில்லை. ஹெட்லைட், இக்னிஷன், வைப்பர், மற்ற விளக்கெல்லாம் சேர்ந்தே பதினாறு, பதினேழு. இரண்டு 55 வாட் விளக்கு இன்னும் ஒன்பது கேட்கும். ஆல்டர்னேட்டர் மாற்றினால் போடலாமாம். அப்பாவின் டைனமோவைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குக் கோபம்தான். இப்போதைக்கு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறோம்.