கொத்துக் கணக்கு

யாழ்ப்பாணம், 2022

ஏப்ரல் 25
12.5 கிலோ காஸ் சிலிண்டர் கொழும்பு விலைக்கு 2675 ரூபாவிலிருந்து 4860 ஆகிவிட்டது. போன வருசம் செப்டெம்பரில் 1493. அரச ஊழியருக்கென்று ஜனவரியில் கூட்டித் தந்த 5000 ரூபாவில் ஒரு சிலிண்டர் வாங்கினால் மிச்சம் 140 ரூபா. அதுவும் வரிசையில் நின்று கிடைத்தால். மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டதோடு டொலர் 200இலிருந்து 300ஐத் தாண்டியது. கப்பலில் வருகிற பருப்பு, பால்மா, கோதுமை மா எல்லாம் கூடவே ஏறின.

அம்மா பின்வளவில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிவிட்டா. பொச்சுமட்டை, காவோலை, ஊமல் எல்லாம் வளவுக்குள் கிடந்தவை. காஸ் இனிக் காலைத் தேத்தண்ணிக்கு மட்டும்.

மே 22
மாதத் தொடக்கத்தில் ரூபாவில் எழுதுகிற வரவு செலவு, பாதி மாதத்தில் பொய்யாகிவிடுகிறது. ஆகவே கொப்பியை மாற்றிவிட்டேன். அரிசி இத்தனை கொத்து, தேங்காயெண்ணெய் இத்தனை போத்தல், சீனி இத்தனை கிலோ என்று அளவில்தான் எழுதுகிறேன். சம்பளம் வந்த அன்றே அரிசி, பருப்பு, சவர்க்காரம் எல்லாம் வாங்கிவிட வேண்டும். காசைப் பையில் வைத்திருந்தால் அது தானாகக் கரைகிறது.

எல்லோரும் இப்படி வாங்கினால் கடை வெறுமையாகும், தெரியும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்குவதில்லை என்று எனக்கு நானே எல்லை போட்டிருக்கிறேன். அதற்கு மேல் வாங்க என்னிடம் காசும் இல்லை.

ஜூன் 17
அரச ஊழியருக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை லீவாம். வீட்டில் தோட்டம் செய்யட்டாம். போன வருசம் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து விளைச்சலைக் கெடுத்த அதே அரசாங்கம். மரவள்ளித் தடி நட்டால் கிழங்கிழுக்க அந்த மூன்று மாதம் போதாது. கிணற்று நீரிறைக்கும் மோட்டருக்கோ மண்ணெண்ணெய் இல்லை. துலாவும் இல்லை, வாளியால் அள்ளி ஊற்றுகிறோம்.

கைகொடுப்பது முருங்கைதான். வறை, சொதி, ரொட்டிக்குள், கூழுக்குள் என்று முருங்கையிலை தினமும் வருகிறது. மகள் தட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளிக்கிறாள். என் கணவர் மோட்டார் சைக்கிளைச் சாக்கால் மூடிவிட்டு, தாத்தாவின் பழைய சைக்கிளில் வேலைக்குப் போகிறார்.

ஓகஸ்ட் 23
மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340! குருநகரில் வள்ளங்கள் கரையில் நிற்கின்றன. கடலுக்குப் போனவர்களின் மீனைச் சந்தையில் விலை கேட்டுவிட்டு வந்தேன். கேட்டதோடு சரி.

இந்த மாதம் மின்கட்டணமும் சராசரியாக 75 வீதம் கூடியிருக்கிறது. இரவில் எல்லோரும் ஒரே அறையில், ஒரே லைற்றின் கீழ். தொண்ணூறுகளில், போர் நாள்களின் பொருளாதாரத் தடைக் காலம் பற்றி அம்மா பேசத் தொடங்கினா. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் எரித்த விளக்கு. சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழத்தால் தோய்த்த உடுப்பு. எனக்கும் அந்த மணம் நினைவிருக்கிறது.

"அப்ப எப்பிடிச் சமாளிச்சமோ அப்பிடித்தான், என்னம்மா?" என்றேன்.

"இல்லைப் பிள்ளை. அப்ப கடையில சாமான் இல்லை. ஒருத்தருக்கும் இல்லை. இப்ப எல்லாம் கண்ணுக்கு முன்னால கிடக்கு."

அம்மா சொன்னதுதான் சரி. அன்றைக்குப் பழகின சிக்கனம் இல்லாத பொருளுக்கு மாற்றுத் தேடியது. இன்றைக்கு ஒவ்வொரு மாற்றுக்கும் விலை ஏறுகிறது. பாண் விலையால் இடியப்பத்துக்குத் திரும்பினோம்; அரிசி மா ஏறியது.

செப்டெம்பர் 30
கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி இந்த மாதப் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9. என் சம்பளம் அசையவில்லை.

கொப்பியை மே மாதத்தோடு ஒப்பிட்டேன். அரிசி அதே கொத்து, பருப்பு சற்றே குறைவு. மீன் என்ற வரியே இல்லை. பால்மா பாதி. சமாளிக்கிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதில் பாதியைச் சமாளித்தது மகளின் கோப்பை.

ஒக்டோபர்ப் பட்டியலில் பால்மாவை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். அதற்குக் காசு காஸிலிருந்துதான் வர வேண்டும். காலைத் தேத்தண்ணியும் இனி விறகில்தான் கொதிக்கும், நான் அரைமணித்தியாலம் முந்தி எழும்ப வேண்டும். தன் சீனியையும் வெட்டச் சொல்லி அம்மா நிற்கிறா. அதை வெட்டவில்லை.