வரகும் அவரையும்

காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் நூல் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். வழியை மட்டுமா சொல்கிறார் புலவர்? எந்த நிலத்தில் எந்த வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்பதையும் சொல்லிக்கொண்டே போகிறார். புலால் உணவு நிறையவே வருகிறது. அவற்றினிடையே முல்லை நிலத்துக் குடிகள் வரகுச் சோற்றோடு அவரைப் பருப்பை வேகவைத்து இடுகிறார்கள். அந்தணர் இல்லத்தில் வெண்ணெயில் மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்த மாதுளங்காய் கிடைக்கிறது, கூடவே வடுமாங்காய்.

இவற்றுள் அந்த வரகும் அவரையும் எம் வீட்டு அடுப்புக்கு வந்த கதையைச் சொல்லவே இக்கட்டுரை.

எம் தந்தையார் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் அமர்ந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டு நெய்தவர். குழித்தறி நெசவாளிக்குக் கண்ணும் கையும் போதா, காலும் வேண்டும். குழிக்குள் தொங்கும் கால்கள் மிதிகட்டையைப் பார்க்காமலே உணர்ந்து மிதிக்க வேண்டும். எந்த மிதி எந்தப் பாவைத் தூக்கும் என்பது பாதத்துக்குத் தெரியும். அவருக்குச் சர்க்கரை நோய் வந்து சில ஆண்டுகளுக்குப் பின், "மிதி சரியாத் தெரிய மாட்டேங்குதுப்பா" என்றார். பாதத்து நரம்புகள் மரத்துக்கொண்டிருந்தன. சோற்றைக் குறையுங்கள், பருப்பைக் கூட்டுங்கள் என்றார் மருத்துவர். மூன்று வேளையும் அரிசி உண்டு வளர்ந்த மனிதருக்கு அது எளிய காரியமா?

அப்போதுதான் பெரும்பாணாற்றுப்படை கைகொடுத்தது. வரகரிசிச் சோறும் வெந்த மொச்சையும் தட்டில் வைத்தோம். பார்த்தார். "கோபுரக் கலசத்துல போடுறதைக் கொண்டாந்து தட்டுல போடுறீங்களே! நான் என்ன கோபுரமா?" என்றார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அவர் உண்ணவில்லை.

பிறகு சென்னையிலிருந்து வந்த மகன் டோஃபு வாங்கிவந்தான். சோயாப் பாலைத் திரித்து, வடித்து, அழுத்திக் கட்டியாக்கும் சீனத்து உணவு அது. ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்து போன ஊர் இது. சீனத்து உணவு வருவதற்கென்ன! பார்ப்பதற்குப் பன்னீர் போலிருக்கும். தனக்கென்று ஒரு சுவை கிடையாது. தந்தையார் ஒரு துண்டை வாயிலிட்டு, "சுண்ணாம்பு" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்கினார்.

வழி காட்டியது கோயில் இட்லிதான். வரதராசப் பெருமாள் கோயில் பிரசாதமான அந்த இட்லியை அறியாதார் இல்லை. அரிசியும் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் நெடுநேரம் வேகவைப்பார்கள். எம் வீட்டு அளவில் இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. குடலைக்குப் பதில் டம்ளர். தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. மடைப்பள்ளியும் முல்லை நிலத்துக் குடிலும் இந்தக் கணக்கை நாவாலேயே கண்டறிந்திருக்கின்றன.

அந்த இட்லியின் மணம் தந்தையாரின் சிறுவயது மணம். ஆகவே எம் இல்லாள் மிளகு, சீரகம், சுக்கு மூன்றையும் வறுத்து இடித்தார். டோஃபுவைத் துணியில் சுற்றி நீர் வடியவைத்து, துண்டுகளாக்கி, சிறிது நல்லெண்ணெயில் சிவக்கவிட்டு, அந்தப் பொடியையும் கறிவேப்பிலையையும் தூவினார். வரகைக் கழுவி, அரைமணி நேரம் ஊறவைத்து, பாசிப்பருப்போடு குழைத்துப் பொங்கலாக்கி, அதற்கும் அதே தாளிப்பு. மொச்சைக்கும் அதே.

தந்தையார் முகர்ந்து பார்த்தார். "பெருமாள் கோயில் வாசனை வருதே" என்றார். உண்டார். மறுநாள், "அந்தச் சுண்ணாம்பு இன்னிக்கு இல்லையா?" என்று கேட்டார்!

நண்பர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். வரகானாலும் அளவு மீறினால் மாவுச்சத்துதான், அது மருந்தன்று. மாத்திரையும் நடையும் பரிசோதனையும் தொடர்கின்றன. மரத்த பாதம் பழையபடி மீளவில்லை. ஆனால் அதற்குமேல் மோசமாகவில்லை என்கிறார் மருத்துவர். காலையில் ஒரு மணிநேரம் அவர் தறியில் அமர்கிறார். மிதிகட்டையில் பேரன் ஒரு கயிற்று முடிச்சுப் போட்டிருக்கிறான், பாதத்துக்கு அடையாளம் தெரிய.

இந்நகருக்கும் சோற்றுக்கும் உள்ள உறவு பழையது. மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பசித்தவர்க்கு உணவிட்டதாகச் சாத்தனார் பாடுவது இக்கச்சியில்தான். பசிக்கு உணவிடுவது பேரறம், ஐயமில்லை. பசியோடு நோயும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் வீடுகள் இன்று நெசவாளர் தெருக்களில் பல. அவர்களுக்கு எதை இடுவது, எந்த மணத்தோடு இடுவது என்பதும் அறத்தின் பகுதிதான் என்று எமக்குத் தோன்றுகிறது. நாக்கு தன் ஊரை விட்டுக்கொடுப்பதில்லை. தட்டில் தானியம் மாறலாம். தாளிப்பு மாறாதிருந்தால் போதும்.