சத்தம் கேட்குது, கதை விளங்குதில்லை



என் தம்பி குடும்பத்துடன் தோஹாவில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக் கம்பியூட்டர் திரைக்கு வந்துவிடுவார்கள். உம்மாவுக்கு வயது 76. போனின் சின்னத் திரையில் முகம் தெரிவதில்லை என்பதால் இந்த ஏற்பாடு.

ஒரு வெள்ளிக்கிழமை பேரப்பிள்ளை கேட்டான்: "வாப்பும்மா, எப்ப எங்கட வீட்டுக்கு வாறீங்க?" உம்மா முகமெல்லாம் சிரிப்பாக, "சாப்பிட்டாச்சு மகன், மீன் ஆணம்" என்றார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. உம்மாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு குசினியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "சத்தம் கேக்குது மகள். கதைதான் விளங்குதில்ல." அடுத்த வெள்ளிக்கிழமை தலைவலி என்று அறையை விட்டு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் தலைவலிதான்.

முதலில் காது வைத்தியரிடம் கூட்டிச் சென்றேன். நீங்களும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். காதில் குறும்பி அடைத்திருந்தால் எந்த ஸ்பீக்கரும் உதவாது. வயதுக்கேற்ற குறைவுதான், பெரிதாக ஒன்றுமில்லை என்றார் வைத்தியர். முதுமையில் முதலில் குறைவது கீச்சென்ற மெல்லிய ஒலிகளைக் கேட்கும் திறன் என்று அவர் விளக்கியபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பேச்சில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வருகின்றன. ஸ, ஷ, ஃப போன்றவை உயர்ந்த சுருதியில் காற்றுப் போல் வந்து போகின்றன. ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த மெல்லிய ஒலிகள்தான். அவை விழாவிட்டால் யாரோ பேசுவது மட்டும் கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பது போய்விடும்.

எங்கள் திரைக்குள்ளேயே இருந்த ஸ்பீக்கர்களோ தீப்பெட்டியளவு. அவை பின்புறமாகச் சுவரைப் பார்த்து ஒலிப்பவை. சத்தத்தைக் கூட்டினால் கரகரத்தது.

பத்தாயிரம் ரூபாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி ஒரு பெரிய பெட்டியைக் காட்டினார். அட்டையில் நூற்றுக்கணக்கில் வாட்ஸ் அச்சடித்திருந்தது. பக்கத்தில் சிறிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருந்தது. சகோதரிகளே, அந்த நான்கெழுத்தைக் கண்டால் இலக்கத்தைப் பாராதீர்கள். கண்சிமிட்டும் நேரத்துக்கு எட்டக்கூடும் என்று சொல்லப்படும் கணக்கு அது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்ற இலக்கம். இன்னொரு கணக்கும் உண்டு. சாதாரண பழைய யூ.எஸ்.பி. துளை 5 வோல்ட்டில் அரை அம்பியர், அதாவது இரண்டரை வாட்ஸ்தான் தரும். அதில் மட்டும் மின்சாரம் எடுக்கும் ஸ்பீக்கரின் அட்டையில் 60 வாட்ஸ் என்று இருந்தால் நம்பலாமா? அந்த இரண்டரை வாட்ஸும் மேசைக்கு முன்னால் இருப்பவருக்குத் தாராளம் என்பது வேறு விஷயம்.

கடைக்காரர் இடி இடிப்பது போல ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். நான் போனில் பதிந்து கொண்டுபோயிருந்த மருமகனின் குரலைப் போடச் சொன்னேன். பெரிய பெட்டியில் பிள்ளை பானைக்குள் இருந்து பேசுவது போலிருந்தது. தரையில் வைக்கும் மூன்றாவது பெட்டியுடன் வரும் மலிவான செட்டுகள் பலவும் இப்படித்தான்; முழக்கம் பேச்சை விழுங்கிவிடும். பக்கத்திலிருந்த சிறிய சோடியில் சொற்கள் தெளிவாக இருந்தன. நீங்களும் பழகிய குரல் ஒன்றைக் கொண்டுபோய், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். முன்பக்கம் பெரிய கூம்புடன் உயர்ந்த ஒலிக்கெனச் சிறிய கூம்பும் இருந்தால் நல்லது. சில மலிவுப் பெட்டிகளில் அந்தச் சிறியது வெறும் அலங்காரம் என்பதும் ஞாபகமிருக்கட்டும்.

அந்தச் சோடியை வாங்கத்தான் இருந்தேன். திடீரென அலுமாரிக்கு மேல் துணி சுற்றிக் கிடக்கும் செட் ஞாபகம் வந்தது. வாப்பா சவூதியிலிருந்து 1993இல் கொண்டுவந்தது. கெசட் ஓடாது, உள்ளே ரப்பர் பட்டி உருகிப் பிசினாகிவிட்டது. ஆனால் ஸ்பீக்கர்கள் மரப்பெட்டி. செட்டின் பின்னால் ஆக்ஸ் என்று எழுதிய சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்ததும் ஞாபகம். ஒன்றும் வாங்காமல், ஒரு முனையில் ஒற்றைப் பின்னும் மறுமுனையில் சிவப்பு வெள்ளைப் பின்களும் உள்ள வயரை மட்டும் சில நூறு ரூபாவுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

இப்படியான செட் உங்கள் வீட்டிலும் இருந்தால், மின்சாரம் கொடுக்க முன் பின்புறச் சுவிட்சைப் பாருங்கள். சவூதியில் அக்காலத்தில் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் பாவனையில் இருந்தன. இங்கே நமக்கு 230. சுவிட்ச் 220 அல்லது 240 பக்கம் இருக்க வேண்டும். நீண்டகாலம் கிடந்ததென்றால் ரேடியோ திருத்துபவரிடம் ஒருமுறை காட்டுவதே புத்தி, நானும் காட்டினேன். செட்டை விட்டுவிட்டு ஸ்பீக்கர்களை மட்டும் கம்பியூட்டரில் மாட்டினால் சரிவராது. கம்பியூட்டரின் பச்சைத் துளையிலிருந்து வருவது மெல்லிய சமிக்ஞை. அதைப் பெருக்கித் தர செட் வேண்டும்.

முதலில் பெட்டிகளைச் சுவர் மூலையில் வைத்தேன். மூலை தாழ்ந்த ஒலியைக் கூட்டிவிடும். மறுபடி பானைக் குரல். முன்னால் இழுத்து, சிறிய கூம்புகள் உம்மாவின் காது மட்டத்துக்கு வர அடியில் பழைய புத்தகங்களை அடுக்கினேன். இரண்டு பெட்டிகளையும் அவருடைய கதிரையை நோக்கிக் கொஞ்சம் திருப்பினேன். முழக்கத்தைக் கூட்டும் பொத்தானை அணைத்து, உயர்ந்த ஒலிக்கான தள்ளுக்கட்டையைச் சற்று மேலே தள்ளினேன். மைக்கை மட்டும் பெட்டிகளிலிருந்து தூரமாக வைத்தேன், இல்லாவிட்டால் தோஹாவில் அவர்களுடைய குரலே திரும்பிக் கேட்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை உம்மா தலைவலி என்றுதான் சொன்னார். கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். மருமகன் பாடசாலைக் கதை ஒன்றைத் தொடங்கினான். உம்மா இடைமறித்தார்.

"அது யாரு மகன், ஸமீரா, ஷமீரா?"

"ஷமீர், வாப்பும்மா. எண்ட கூட்டாளி."

"ஆ, ஷமீர்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மகள், சத்தத்தக் கொஞ்சம் குறைங்க. பிள்ள கத்துறான்."