சுழிக்கு அந்தப் பக்கம்

மார்ச் 30, 2025

நான் இரவு வேலை பார்த்த வெயர்ஹவுஸைப் பூட்டி இரண்டு மாதத்துக்கு மேலாகியும் நடுச்சாமத்தில் பசிக்கிறது. விடிந்தால்தான் நித்திரை. "அப்பா, எங்கேயாவது நடந்துவிட்டு வாங்கோ" என்று மகள் சப்பாத்தை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். மொன்றியலின் லாசாலில் இத்தனை காலம் இருந்தும், பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி, ராப்பிட் பூங்காவுக்குள் கால் வைத்ததில்லை. கரையில் ஐஸ். நடு ஆறு உறையாமல் இரைகிறது. வாத்துகள் அதில் முங்கி எழும்புகின்றன. பைத்தியங்கள்.

ஏப்ரல் 6

பெரிய நீல நாரை, ஒன்று. ஊர்ச் சாம்பல் நாரையின் சாயல்தான், உருவம் இன்னும் பெரிது. அசையவே இல்லை. எனக்குத்தான் கால் விறைத்தது.

ஏப்ரல் 19

முக்காலியில் தொலைநோக்கி பூட்டி வைத்திருந்த ஒரு கிழவர், "பாருங்கள் மிசியே" என்று இடம் விட்டார். எதிரே தெரிவது ஈல் ஓ ஏரோன், கொக்குத்தீவு. உச்சிக் கிளைகளில் சுள்ளிக் கூடுகள், கூட்டுக்கொன்றாய் நாரை. 1937இலேயே புலம்பெயர் பறவைகளுக்கான சரணாலயம் ஆக்கிவிட்டார்களாம். 2022இல் திருத்திய விதிகளின்படி நாரைக் கூடு வெறுமையாய்க் கிடந்தாலும் எடுத்த எடுப்பில் கலைக்க முடியாது. அடுத்த வருடமும் நாரைகள் அந்தக் கூட்டுக்கு வரக்கூடும்.

நாங்கள் நின்ற நிலமுனையே பழைய மின்சார அணையின் மிச்சம் என்று அவர் சொன்னபோது நம்பவில்லை. கரையோரக் கற்களைக் காட்டினார். 1890களின் கடைசியில் இந்த நீரோட்டத்தை மறித்து மொன்றியலுக்கு மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். அந்த நிலையம் போய்விட்டது. மறித்த கல்லுக்குப் பின்னால் தண்ணீர் ஆழமில்லாமல் தேங்கி நாணல் பிடித்து, இப்போது கொக்குகளுக்கு மீன் பிடிக்கத் தோதான இடம்.

"யார் காவல்?" என்று கேட்டேன். கிழவர் தீவைச் சுற்றி இரைகிற சுழியைக் கை காட்டினார்.

மே 3

வேலையிழப்புக் காப்புறுதிக் காசு வந்தது. நித்திரை வரவில்லை.

மே 17

பொழுதுபட, தலைக்கு மேலால் "குவாக்" என்று ஒரு சத்தம். அண்ணாந்து பார்க்க முன்னமே தெரிந்துவிட்டது. இராக்கொக்கு! அராலிப் பக்கம் பரவைக்கடலுக்கு மேலால் பின்னேரத்தில் இதே சத்தம் போகும். கறுத்த உச்சந்தலை, சிவந்த கண், கூனல் முதுகு. தொப்பிள்கொடி உறவு என்றெல்லாம் கதை விடவில்லை, இனமே ஒன்றுதான். மகளின் போனில் தேடிப் பார்த்தேன். பகலில் பெரிய கொக்குகளோடு இடத்துக்கு மல்லுக்கட்ட இயலாததும் அது இரவில் மேய ஒரு காரணமாம். நாரை மேற்கே பறக்கிறது, இராக்கொக்கு வந்து அது நின்ற கல்லில் குந்துகிறது. ஷிஃப்ட் மாறுகிறார்கள்.

இருட்டும்வரை இருந்தேன். மனைவி போனில் ஏசினாள்.

ஜூன் 8

தங்கச்சியின் மகன் ட்ரோன் வாங்கியிருக்கிறான். தீவுக்கு மேலால் ஒரு ரவுண்டு விட்டுக் குஞ்சுகளைப் படம் எடுக்க வேணுமாம். விடமாட்டேன் என்றேன். தாய் மிரண்டு எழும்பினால் காகமும் கடற்காகமும் காத்திருக்கின்றன. பயந்த குஞ்சு கீழே விழுந்தால் அதோடு சரி. சட்டமும் இருக்கிறது, 1916இல் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்திலிருந்து வருவது. அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் தொப்பிக்காக வெள்ளைக் கொக்குகளைக் கூட்டோடு அழித்தார்கள். இனப்பெருக்கக் காலத்தில் முளைக்கிற மெல்லிறகுதான் விலைபோனது, அதனால் குஞ்சு பசியில் செத்தது என்று, கிழவரிடம் கேட்டதையும் வாசித்ததையும் சேர்த்து ஒரு பிரசங்கமே வைத்தேன்.

பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "மாமா, ஊரில நீங்கள் கொக்குக்கறி சாப்பிட்டனீங்கள்தானே?" என்றான்.

சாப்பிட்டோம்தான். மிளகு போட்டு அம்மா பிரட்டுவா. ருசிகூட ஞாபகம் இருக்கிறது.

ஜூலை 13

வெக்கை. போகவில்லை.

ஆகஸ்ட் 10

மன்னாரிலிருந்து அக்கா. தீவில் சனம் ரோட்டில் நிற்குது என்றா. இருக்கிற காற்றாலைகள் போதாதென்று இன்னும் கொண்டுவருகிறார்கள், இல்மனைட்டு மணலும் தோண்டப் பார்க்கிறார்கள். மத்திய ஆசியப் பாதையால் வரும் பறவைகள் தங்குகிற இடம் அது. பக்கத்து வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. "காத்தாடி வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? எங்கட தீவுக்குள்ள வேண்டாம்" என்று அக்கா கத்த, பின்னால் காற்று அதைவிடக் கூடக் கத்தியது.

பதில் சொல்ல வரவில்லை. அணைக்கட்டின் மிச்சத்தில் நின்றுகொண்டுதான் போன் கதைக்கிறேன். அவர்களும் அன்றைக்குப் புகையில்லாத மின்சாரம் என்றுதானே கட்டியிருப்பார்கள்? இங்கே கொக்குக்குப் பாதி சட்டம், பாதி சுழி. வங்காலையில் முழங்கால் தண்ணீர், யாரும் இறங்கி நடக்கலாம். அங்கே சட்டம் தனியாக நிற்கிறது. அதற்குத் துணையாக அக்கா போன்றவர்கள் ரோட்டில்.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசச் சொன்னேன்.

ஆகஸ்ட் 24

மன்னார் வேலையைத் தற்காலிகமாய் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். "தற்காலிகம் எண்டால் எவ்வளவு காலம்?" அக்கா என்னைக் கேட்கிறா.

செப்டம்பர் 7

வேறொரு வெயர்ஹவுஸில் நேர்முகம். எந்த ஷிஃப்ட் வேணும் என்று படிவத்தில் கேட்டிருக்கிறது. மகள் பகல் என்கிறாள். இரவுக்கு மணிக்கு ஒரு டொலர் கூட. அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. மருமகன் ட்ரோனை விற்க விளம்பரம் போட்டிருக்கிறான். பாதி விலைக்கும் ஆள் இல்லை.