ஊர் சுற்றிப் பார்க்கும் உரிமை

விடுமுறைக்கு ஊர் சுற்றுவதில் என்ன அரசியல் இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இயக்கத்தில் இருப்பவர்கள் நிறையவே பயணம் செய்கிறோம். ஆனால் எதற்காகப் போகிறோம்? உண்மையறியும் குழு, ஆர்ப்பாட்டம், வழக்கு, துக்க வீடு. ஒரு இடத்தைச் சும்மா பார்க்க வேண்டும், மரத்தடியில் உட்கார வேண்டும், மாங்காய் வாங்கித் தின்ன வேண்டும் என்பதற்காகக் கணவனும் மனைவியுமாகக் கிளம்புவது நம் குடும்பங்களில் இன்னும் புதிய பழக்கம்தான். என் பாட்டி தன் வாழ்நாளில் வெளியூர் போனது மூன்று காரணங்களுக்காக: அறுவடை, ஆஸ்பத்திரி, சாவு. பார்ப்பதற்காக அவர் எங்கும் போனதில்லை.

இந்த ஆண்டு மே தினத்தன்று நானும் என் இணையரும் சென்னையையும் அதைச் சுற்றியுள்ள சில ஊர்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்தோம். எங்களுக்குச் சேலம். அவர் செவிலியர். மே தினத்துக்கு உலகமே விடுமுறை என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கிடையாது. இரண்டு இரவுப் பணிகளை மாற்றிக்கொடுத்து வாங்கிய ஒரு நாள் அது. வியாசர்பாடியில் என் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு, விடியற்காலையில் கிளம்பினோம். நான் பறையர் குடும்பம், அவர் அருந்ததியர் குடும்பம். எங்கள் திருமணத்துக்கு இரு பக்கமும் சம்மதம் வாங்கவே ஒரு வருடம் ஆனது. அதனால் இருவரும் சேர்ந்து வெளியே நடப்பது என்பதே எங்களுக்குச் சாதாரண விஷயமாக இருந்ததில்லை.

முதலில் மெரினா. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலைக்கு அன்று மாலை போட ஒவ்வொரு சங்கமாக வந்துகொண்டிருந்தது. பாறையை நெம்பும் அந்த நான்கு உடல்களைத்தான் தமிழ்நாடே உழைப்பின் அடையாளமாகப் பார்க்கிறது. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டதும் இந்த நகரில்தான். 1923இல் சிங்காரவேலர் நடத்தினார். என் இணையர் சிலையைச் சுற்றி ஒரு வலம் வந்துவிட்டு, "நாலு பேருமே ஆம்பளைங்கதான். சித்தாள் ஒருத்தி கூட இல்லையே?" என்றார். கட்டட வேலைக்குப் போய் அவரைப் படிக்கவைத்தவர் அவர் அம்மா. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

அங்கிருந்து ராயப்பேட்டை. 1907 ஜூனில் பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கியது இங்கேதான். பெயரிலேயே விலை. அந்தக் காசைக் கொடுத்து வாங்க வாசகர்கள் இருந்தார்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மணிக்கூண்டு அருகே இறங்கி நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் நடந்தோம். வங்கி, மருந்துக்கடை, பிரியாணிக் கடை எல்லாம் இருந்தன. பண்டிதரின் பெயரைச் சொல்லும் ஒரு பலகையும் நாங்கள் நடந்த வழியில் கண்ணில் படவில்லை. ஒரு டீக்கடையில் டீ குடித்தோம். கண்ணாடி டம்ளர், எல்லோருக்கும் ஒரே டம்ளர். என் அப்பா இளவயதில் எங்கள் ஊர்க் கடையில் தேங்காய்ச் சிரட்டையில் குடித்தவர்.

பிறகு கிண்டி காந்தி மண்டப வளாகம். இரட்டைமலை சீனிவாசனின் மணிமண்டபம் அதற்குள்தான் இருக்கிறது. அதே வளாகத்தில் ராஜாஜிக்கும் நினைவிடம் உண்டு. 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் இந்த இருவரும் அடக்கம். ஒருவர் தனித் தொகுதி வேண்டும் என்று வட்டமேசை மாநாடு வரை போய் வாதாடியவர். இன்னொருவர் காந்தியின் தரப்பில் நின்றவர். இப்போது இருவரும் காந்தியின் பெயரிலான தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

அந்த வளாகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். மரத்தடியெல்லாம் இளம் ஜோடிகள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். யார் எந்தச் சாதி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சீனிவாசனின் சிலைக்கு இவ்வளவு அருகில் அவர்கள் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. ஏனென்றால் அந்த உட்காரும் உரிமைக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

1924இல் சென்னை சட்டமன்றத்தில் சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மாகாணத்தின் எந்த நகரத்திலும் எந்தக் கிராமத்திலும் உள்ள பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பினரும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடம் எதற்குள்ளும் போகலாம் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் ஆனது. நினைத்துப் பாருங்கள். தெருவில் நடக்கலாம் என்பதற்கு ஒரு சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்டிருக்கிறது. பின்னால் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவான அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவைப் படித்தால் அதே பட்டியல் விரிந்து நிற்கும்: கடை, உணவகம், விடுதி, பொழுதுபோக்கு இடம், கிணறு, குளம், படித்துறை, சாலை. ஒரு சுற்றுலாப் பயணி ஒரு நாளில் தொடும் இடங்கள் ஏறக்குறைய எல்லாமே அதில் இருக்கின்றன.

அடையாறு போய் அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் பேருந்து. நல்ல வெயில் நேரத்தில் போய் இறங்கினோம். ஐந்து ரதங்களுக்கு முன் நிற்கும்போது எல்லோரும் சிங்கத்தோடும் யானையோடும் படம் எடுத்தார்கள், நாங்களும் எடுத்தோம். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை, 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது என்று வழிகாட்டி ஒருவர் ஒரு பள்ளிக் குழுவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மன்னர்களின் பட்டப்பெயர்கள் வரிசையாக வந்தன. ரதங்களின் அடிப்பகுதி சில இடங்களில் முடிக்கப்படாமல் நிற்கிறது. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தவர்கள் அங்கே உளியை நிறுத்தியிருக்கிறார்கள். ஏன் நிறுத்தினார்கள், கூலி நின்றதா, மன்னர் மாறினாரா? அந்தப் பள்ளிக் குழுவில் ஒரு சிறுமி, "அவங்க பேரு என்ன சார்?" என்று கேட்டாள். வழிகாட்டி மறுபடியும் மன்னர் பெயரையே சொன்னார்.

ஊருக்குத் திரும்ப வந்த வழியே போகாமல், திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய் அங்கிருந்து மின்சார ரயில் பிடிப்பது என்று முடிவு செய்தோம். 30 கிலோமீட்டர்தான். அந்த நகரப் பேருந்தில்தான் அன்றைய நாளின் ஒரே கேள்வி வந்தது.

எங்கள் பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மா. நல்லவர். ஜன்னலோரத்தை என் இணையருக்கு விட்டுக்கொடுத்தார். மடியில் வைத்திருந்த வேர்க்கடலையை ஆளுக்கு ஒரு கை கொடுத்தார். குழந்தை இருக்கிறதா, என்ன வேலை என்று விசாரித்தார். செவிலியர் என்றதும் தன் முழங்கால் வலிக்கு வைத்தியம் கேட்டார். பிறகு, "சேலத்துல எந்தப் பக்கம்மா? ஊருக்குள்ளயா, இல்ல..." என்று இழுத்தார்.

இந்த இழுவையை நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எத்தனையோ முறை பேருந்து நிலையப் பெயரைச் சொல்லித் தப்பித்திருப்போம். என் இணையர் கடலைத் தோலை ஊதிவிட்டு, "காலனிங்கம்மா. அம்பேத்கர் நகர்" என்றார். குரலில் கோபமும் இல்லை, தயக்கமும் இல்லை. விலாசம் கேட்டால் விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். அந்த அம்மா "ஓ" என்றார். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். அதன்பிறகு பேச்சு இல்லை. திருக்கழுக்குன்றத்தில் இறங்கும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "பத்திரமா போங்க" என்றார். அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் ஒன்று, அவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போகவில்லை, எங்களை எழச் சொல்லவும் இல்லை. சீனிவாசனின் தீர்மானம் அந்தப் பேருந்து வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த அம்மாவின் மனதுக்குள் போக அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

காலையில் சென்னையில் யாரும் கேட்கவில்லையே, அப்படியென்றால் நகரத்தில் சாதி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நகரத்தில் கேட்கும் இடம் வேறு. வாடகை வீடு தேடிப் பாருங்கள், மேட்ரிமோனி விளம்பரத்தைப் புரட்டிப் பாருங்கள். கூட்டத்தில் நம்மை யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி, அவ்வளவுதான். அடையாளம் தெரியாததால் கிடைக்கும் மரியாதை, தெரிந்தவுடன் போய்விடும். தெரிந்த பிறகும் இருப்பதற்குப் பெயர்தான் சமத்துவம்.

செங்கல்பட்டு நம் வரலாற்றில் முக்கியமான பெயர். இந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் என்ற ஏற்பாடே வருகிறது. 1892இல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய நிலத்தைப் பிறர் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் பிறகு யார் கைக்குப் போயின என்பது உங்களுக்குத் தெரிந்த கதை. இதே மாவட்டத்தின் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். மாமல்லபுரத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் எத்தனை பேருக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு ஊர் இருப்பது தெரியும்? சீனிவாசன் பிறந்த கோழியாளமும் இந்தப் பகுதிதான், மதுராந்தகம் பக்கம். நேரம் போதாமல் இரண்டு ஊருக்கும் அன்று போக முடியவில்லை. அடுத்த முறைக்கு வைத்திருக்கிறோம்.

மாலை ரயிலில் ஏறியபோது கொளவாய் ஏரியின் மீது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. என் இணையர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அப்போதுதான் எனக்கு கோகுல்ராஜ் நினைவு வந்தது. எங்கள் ஓமலூர்க்காரர். 2015 ஜூன் 23 அன்று உடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போனார். அவர் செய்தது அவ்வளவுதான். ஒரு தோழியோடு ஒரு இடத்தைப் பார்க்கப் போனார். அங்கிருந்து கடத்தப்பட்டு, மறுநாள் தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. உடுமலைப்பேட்டை சங்கரும் கௌசல்யாவும் 2016 மார்ச் 13 அன்று கடைக்குப் போய்விட்டுத்தான் வந்துகொண்டிருந்தார்கள். பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

இரண்டுமே ஒரு ஜோடி வெளியே போன நாளில் நடந்தவை. கோயில், கடைத்தெரு, பேருந்து நிலையம் என்று பொது இடங்கள்தான் எல்லாம். தனியாக நடக்க நமக்கு ஓரளவு விட்டுவிட்டார்கள். யாரோடு சேர்ந்து நடக்கிறோம் என்பதைத்தான் இன்னும் கண்காணிக்கிறார்கள். சாதியின் உயிர் திருமணத்தில் இருக்கிறது என்று அண்ணல் சொன்னதை, ஒரு சுற்றுலாத் தலத்தில் ஜோடியாக நிற்கும்போது உடம்பே உணர்ந்துகொள்கிறது.

அதனால்தான் இளம் தோழர்களிடம் இதைச் சொல்கிறேன். ஊர் சுற்றுங்கள். பணம் குறைவாக இருந்தால் மின்சார ரயிலும் நகரப் பேருந்தும் போதும், எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. அம்மாவையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள், வேலையும் வைத்தியமும் இல்லாத ஒரு நாளை அவர்களுக்கும் காட்டுங்கள். போகும் ஊரில் நம் வரலாறு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். பலகை இல்லாத இடத்தில் நின்று கூட வந்தவருக்கு நீங்களே சொல்லுங்கள். பலகை வைக்கச் சொல்லி மாநகராட்சிக்கும் சுற்றுலாத் துறைக்கும் மனு எழுதுங்கள். பொது இடத்துக்குள் நுழையவிடாமல் யாராவது தடுத்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் அது குற்றம் என்பதை நினைவில் வையுங்கள். சாதி மறுத்து இணைந்த நண்பர்கள் எங்காவது போகிறார்கள் என்றால் அவர்கள் திரும்பி வந்து சேரும்வரை தொலைபேசியில் தொடர்பில் இருங்கள். இது பயமுறுத்தல் இல்லை, தோழமையின் குறைந்தபட்சக் கடமை.

பேருந்தில் யாராவது எந்தப் பக்கம் என்று இழுத்தால் விலாசத்தைச் சொல்லுங்கள். கேட்டவர் என்ன செய்வார் என்பது அவர் பாடு.

ஜெய் பீம்.