வாப்பாவின் கணுக்காலும் ஒளுவும்



எங்கள் வாப்பா தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் 38 ஆண்டுகள் நின்றே வேலை பார்த்தவர்கள். உப்பளத் தொழிலாளர், துறைமுகத்தில் சுமை இறக்குவோர், பந்திச் சமையல்காரர் என்று நம் கடலோரத்தில் நின்று பிழைப்பவர்கள் ஏராளம். அவர்களுள் பலரின் காலில் புடைத்துச் சுருண்டிருப்பதை ‘நரம்பு சுருட்டல்’ என்பார்கள். உண்மையில் அது நரம்பன்று. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரை.

சிரைகளுக்குள் இரத்தம் கீழே இறங்காதபடி தடுக்கும் சிறு வால்வுகள் உள்ளன. அவை பழுதடைந்தால் இரத்தம் காலில் தேங்கி, அழுத்தம் மிகுந்து, சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிகின்றன. அவற்றிலுள்ள இரும்பு படிவதாலேயே கணுக்காலின் உட்புறம் துருப்பிடித்தாற்போல் கறுக்கிறது. பிறகு அரிப்பு, செதில், நீர் வடிதல். நாளடைவில் தோல் பலகைபோல் இறுகிவிடும். வாப்பா அதைப் படை என்றும், பக்கத்து வீட்டார் சர்க்கரை என்றும் சொல்லிக்கொண்டிருக்க, சொறிந்த இடம் புண்ணாயிற்று. கைக்குக் கிடைத்த களிம்புகள் அதை மேலும் கிளறிவிட்டன.

புண்ணைவிட எங்களை வருத்தியது வேறொன்று. கட்டுப்போட்ட காலோடு ஒளு நிறைவேறாது, அருகில் நிற்பவருக்கு வாடை அடிக்கும் என்றெண்ணி வாப்பா பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டார்கள். ஜும்ஆ நாளிலும் திண்ணையில்தான் அமர்ந்திருப்பார்கள்.

ஆலிம் ஒருவரை வீட்டுக்கு அழைத்தோம். நல்ல தோலைக் கழுவி, கட்டின்மீது ஈரக்கையால் மஸஹ் செய்து, கழுவ இயலாத இடத்துக்காகத் தயம்மும் செய்துகொள்வது நம் ஷாஃபிஈ மத்ஹபின் வழி என்று விளக்கினார். (மற்ற விவரங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறிக.) மூலநோயால் அவதியுற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதையும் நினைவூட்டினார். மூலமும் வீங்கிய சிரைகளின் நோய்தான் என்பது எனக்கு வியப்பளித்தது.

மருத்துவர் முதலில் பாதத்தின் நாடியைப் பார்த்தார். தமனியில் இரத்தஓட்டம் குறைந்தவருக்கு இறுக்கிக் கட்டினால் காலுக்கே ஆபத்து. ஆகவே அழுத்தக் காலுறையை யாரும் தாமாகவே வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். அதன்பின்னரே விரலடியிலிருந்து முழங்கால்வரை அழுத்தக் கட்டு. படுக்கையில் கால் நெஞ்சைவிட உயர்ந்திருக்க வேண்டும். அன்றாடம் நடக்கவும் சொன்னார். கெண்டைக்கால் தசைதான் இரத்தத்தை மேலே தள்ளும் பம்பு.

புண் ஆற ஐந்து மாதங்கள் ஆயின. கறுப்பு மறையவில்லை. சென்ற ரமழானில் தராவீஹின் சில ரக்அத்துகளை வாப்பா அமர்ந்து தொழுதார்கள். மற்றவற்றை முதல் ஸஃப்பில் நின்று.