உபசரிக்கும் அந்நியர்

தியானப் பகுதி: லூக்கா 24:13-35



உதகை கமிஷனர்ஸ் சாலையில் ஷின்கோஸ் என்னும் சீன உணவகம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டு முதல் ஒரு சீனக் குடும்பத்தார் அதை நடத்தி வருகிறார்கள். மழைக்கால மாலையில் சூடான சூப்பும் நூடுல்ஸும் பார்சல் வாங்கி, அந்தச் சூட்டைக் கோட்டோடு அணைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் நம்மில் பலர். நானும் அவர்களில் ஒருவன். சபைக் கமிட்டி இரவில் நீளும்போதெல்லாம் எங்கள் மேசைக்கு வருவது சீன உணவுதான்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் அப்படிக் கூடியிருந்தோம். பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஒருவர், “ஐயா, சீனாக்காரன் சாப்பாட்டோடு கொரோனாவும் பார்சலில் வந்திருக்கப் போகிறது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஜெபம் செய்து உண்டோம். அந்த ஜெபத்தை ஏறெடுத்தவனும் நானே.

சில நாட்களில் ஆலயக் கதவுகள் அடைபட்டன. தனித்திருந்த அந்த மாதங்களில் அந்தச் சிரிப்பு திரும்பத் திரும்ப என் நினைவுக்கு வந்தது. ஏனெனில் இந்த மலையின் வரலாறு எனக்குத் தெரியாததன்று.

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் வழியில் நடுவட்டம் இருக்கிறது. காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து தரும் சிங்கோனா மரங்களை ஆங்கிலேய அரசு 1860களில் அங்கே பயிரிட்டது. அந்தத் தோட்டத்தில் பாடுபட்டவர்களில், மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. விடுதலையான பின் சிலர் இங்கேயே தங்கினர். தமிழ்ப் பெண்களை மணந்தனர். காய்கறியும் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்து, நேர்மையாகப் பிழைத்தனர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூல் தொகுதியில் இக்குடும்பங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். நம் நாட்டார் காய்ச்சலுக்கு மருந்து தந்த மரங்களில் அந்நியரான கைதிகளின் வியர்வையும் கலந்திருந்தது.

அந்தக் கைதிகளின் கதை வேறு, உணவகக் குடும்பத்தின் கதை வேறு. ஆயினும் நாம் இவ்விருவரையும் பார்க்கும் பார்வை ஒன்றாகிவிடும் நாட்கள் உண்டு. 1962ஆம் ஆண்டுப் போரின்போது, சீன வம்சத்தார் என்னும் ஒரே காரணத்துக்காக ஏறக்குறைய 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் இந்த மண்ணில் பிறந்தவர்கள். அண்டை வீட்டாரை அந்நியராக்க ஒரு நாட்டுக்குப் போர் தேவைப்பட்டது. எனக்கோ ஒரு நகைச்சுவையே போதுமாயிருந்தது.

எம்மாவுக்குப் போன சீஷர் இருவரையும் எண்ணிப் பாருங்கள். வழியில் சேர்ந்துகொண்டவரை அவர்கள் அந்நியர் என்றே நினைத்தார்கள். பொழுது சாய்ந்ததால் தங்கும்படி வருந்தி அழைத்தார்கள். தாங்கள் உபசரிக்கிறோம் என்பதே அவர்கள் எண்ணம். பந்தியிலோ முறை மாறுகிறது. அந்த அந்நியரே அப்பத்தை எடுத்து, ஆசீர்வதித்து, பிட்டுக் கொடுக்கிறார். விருந்தாளி விருந்தளிப்பவரானபோதே அவர்கள் கண்கள் திறக்கப்பட்டன.

இறையியல் கல்லூரியில் கற்ற ஒரு கிரேக்கச் சொல்லும் இதையே சொல்கிறது. மத்தேயு 25:35இல் அந்நியனைக் குறிக்கும் ‘க்ஸேனோஸ்’ என்னும் அதே சொல், ரோமர் 16:23இல் சபையை உபசரித்த காயுவைக் குறிக்கிறது. அந்நியனும் உபசரிப்பவனும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். அந்நியரை உபசரியுங்கள் என்று ஆண்டுகள் பலவாய்ப் பிரசங்கித்திருக்கிறேன். அந்நியர் நம்மை உபசரித்துக்கொண்டிருப்பதை ஒரு முறையேனும் சொன்னதில்லை. அவர்கள் கையால் உண்டேன். காசு கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஆலயம் திறந்தபின் கூடிய முதல் கமிட்டியில், நான் அன்று சிரித்ததை எல்லார் முன்பாகவும் அறிக்கையிட்டேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அன்று அதைச் சொன்னவர் தலை குனிந்திருந்தார். அவரைக் குற்றப்படுத்த நான் எழவில்லை. மேய்ப்பன் சிரிக்காதிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே நின்றிருக்கும்.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்களுக்கு உணவளிக்கும் கைகளை எண்ணிப் பாருங்கள். தேயிலை பறிப்பவர், காரட் கழுவுபவர், உணவகத்து அடுப்பின் முன் நிற்பவர். அவர்களில் யாரையேனும் இழிவாகப் பேசும் பேச்சு உங்கள் பந்திக்கு வருமானால், சிரிக்காதிருங்கள். அந்தச் சிறிய மௌனத்திலிருந்தும் உபசாரம் தொடங்கலாம்.

ஜெபம்: அந்நியராய் எங்களோடு நடந்த ஆண்டவரே, எங்களுக்கு உணவளிக்கும் கைகளில் உம்மை அறிந்துகொள்ள எங்கள் கண்களைத் திறந்தருளும். ஆமென்.